இடுப்பில் கட்டிய பட்டம்

மண்ணீரல் என்று ஒன்று என் உடம்பில் இருப்பது நாற்பத்தொன்பது வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. அது என்னைத் தொந்தரவு செய்ததில்லை. நானும் அதை விசாரித்ததில்லை. இந்த ஆடியில்தான் எங்களுக்குள் அறிமுகம் ஏற்பட்டது. அதற்காக ஏழு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தது.

பெரம்பலூரில் என்னைப் பற்றி இப்போது நாலு கதை ஓடுகிறது. பந்தல் கட்டும்போது மூங்கிலிலிருந்து விழுந்தேன் என்பது ஒன்று. செல்போன் டவரில் ஏறினேன் என்பது இன்னொன்று. யாரோ கட்டிவைத்து அடித்தார்கள் என்பது மூன்றாவது. அதைப் பரப்பியவர்களுக்கு என்மேல் என்ன கோபமோ. நாலாவது கதைதான் உண்மை. அதை மட்டும் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மூன்று மாதம் ஓய்வு என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நேரம் நிறைய இருக்கிறது. நானே எழுதிவிடுகிறேன்.

நான் பந்தல், ஷாமியானா வாடகைக்கு விடுகிறவன். ஆடியில் கல்யாணம் கிடையாது. கூழ் ஊற்றும் கோயில்களில் நாலு சின்னப் பந்தல், அதோடு சரி. மற்ற பதினொரு மாதமும் காற்றைத் திட்டுகிற தொழில் எங்களுடையது. கூரைத்துணி பறக்கும், கம்பம் சாயும், பெண் வீட்டார் முறைப்பார்கள். ஆடியில் காற்று உச்சத்தில் இருக்கும், திட்டுவதற்குப் பந்தல்தான் இருக்காது. சும்மா உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு நாட்டில் ஒருவன் சக்கரப் பலகைமேல் நின்றுகொண்டு, கையில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். எஞ்சின் இல்லை, பெட்ரோல் இல்லை, கால்கூட உதைக்கவில்லை. இத்தனை வருஷம் என் துணியைக் கிழித்த காற்று ஒருவனுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

பலகை வீட்டிலேயே இருந்தது. மகள் கயல் கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். போன வருஷ லீவில் வாங்கி, ரெண்டு நாள் ஓட்டி, முட்டி தேய்ந்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனது. பட்டத்தை நானே தைத்தேன். மேடைக்கு மழை மறைப்பாகப் போடும் பாராசூட் துணி, ரோஸ் கலர், குடோனில் மிச்சம் கிடந்தது. தலையணை உறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்த மாதிரி, வாய் திறந்த எட்டு அறைகள். காற்று புகுந்தால் மெத்தை போல உப்பிக்கொள்ளும். இரண்டு ஓரத்திலிருந்தும் நீளமான கயிறு. அவை ஒரு இரும்புக் குழாயின் இரு முனையிலும் வந்து சேரும். குழாயைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் நிற்க வேண்டும். பயம் வந்தால் கையை விட்டுவிட வேண்டும். பட்டம் காற்றை உமிழ்ந்துவிட்டுத் தரையில் படுத்துவிடும். அவ்வளவுதான் பாதுகாப்பு ஏற்பாடு.

இடமும் அமைந்தது. அரியலூர் ரோட்டில் பிளாட் போட்டு வைத்திருக்கிறார்கள். வரவேற்பு வளைவு, முப்பதடி தார் ரோடு, வரிசையாக நம்பர் போட்ட எல்லைக்கல், எல்லாம் உண்டு. வீடுதான் ஒன்றுகூட இல்லை. கரண்டுக் கம்பமும் இன்னும் நடவில்லை. ரோடு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, ஆடிக்காற்றும் அதே திசையில் போகிறது. எனக்காகவே போட்ட ரோடு என்று நினைத்தேன்.

கூட்டாளி என் மச்சினன் குமார். மனைவி செல்வியின் தம்பி. என்னோடு தொழிலிலும் இருப்பவன். ஆறடி உயரம், எருமை மாதிரி உடம்பு, ரகசியம் காப்பதில் மட்டும் பலவீனம். "அக்காகிட்ட சொல்லாதடா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். செல்வியைப் பொறுத்தவரை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குடோனைச் சுத்தம் செய்யப் போகிறோம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். ஒருமுறை வளைவிலிருந்து கிழக்குக் கோடி வரை போனால் ஒரு ஓட்டம் என்று கணக்கு. முதல் ஐந்து ஓட்டம் உட்கார்ந்த வாக்கில். ஆறாவதில் நின்றேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சக்கரம் தாரில் உருளும் சத்தம் அடிப்பாதத்தில் ஏறி முழங்காலுக்கு வருகிறது. தலைக்கு மேலே ரோஸ் மெத்தை படபடக்கிறது. பிளாட் நம்பர்கள் ஏழு, எட்டு, ஒன்பது என்று பின்னால் போகின்றன. கல்யாண மண்டப வாசலில் இத்தனை வருஷமாக மற்றவர்கள் சந்தோஷத்துக்குக் கம்பம் நட்டவன், அன்றைக்கு எனக்கு நானே நட்டுக்கொண்டேன். ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே போனேன். ஹெல்மெட் போட்டிருந்தேன் என்பதைச் செல்வி இதைப் படிக்கும்போது கவனிக்க வேண்டும்.

பத்தாவது ஓட்டத்தில் கை கடுத்தது. அங்கேதான் எனக்குள் இருந்த பந்தல்காரன் விழித்துக்கொண்டான். கையால் எதற்குப் பிடிக்க வேண்டும், கட்டிவிட்டால் போச்சே! குழாயின் நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் சுற்றி, முடிச்சுப் போட்டேன். எங்கள் முடிச்சு ஊரறிந்தது. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. மாட்டு வண்டி மோதியும் என் பந்தல் நின்றிருக்கிறது. "இதுக்கு மேல எந்தக் காத்து வந்தாலும் பட்டம் நம்மள விட்டுப் போவாதுடா" என்றேன்.

போகவில்லை.

பதினொன்றாவது ஓட்டத்தில், பிளாட் நம்பர் பதினாலு அருகே ஒரு கூழாங்கல்லில் சக்கரம் மாட்டியது. பலகை நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. கையை விட்டேன், பட்டம் விடவில்லை. குப்புறப் படுத்தபடி பதினைந்து, பதினாறு என்று தார் ரோட்டில் பயணம் செய்தேன். இடது விலா ஒரு எல்லைக்கல்லில் மோதி நின்றது. நம்பரைக்கூடப் படித்தேன், இருபத்திரண்டு. கயிறு வயிற்றை இறுக்க, மூச்சு வரவில்லை. குமார் ஓடிவந்து இடுப்பில் செருகியிருந்த கத்தியால் கயிற்றை வெட்டினான். பட்டம் ஒரு குட்டிக்கரணம் போட்டுத் திரும்பிப் போய், வரவேற்பு வளைவில் மாட்டிக்கொண்டது. அது எப்படி எதிர்க்காற்றில் போனது என்று இன்று வரை புரியவில்லை. வெட்கமாக இருந்திருக்கும்.

சிராய்ப்புக்கு மருந்து தடவிக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "குடோன்ல ஏணியிலேர்ந்து வழுக்கிட்டேன்" என்றேன். செல்வி மஞ்சள் பற்றுப் போட்டாள். ராத்திரி நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, கடையில் உட்கார்ந்திருந்தபோது, இடது தோள்பட்டையில் ஒரு வலி. ஆழமாக, மூச்சை இழுத்தால் அதிகமாகிறது. இடது தோள். எனக்குத் தெரிந்த மருத்துவம் முழுக்க போனில் வருவது. அதன்படி இது மாரடைப்பு. உடனே வியர்த்தது. வியர்த்ததும் மாரடைப்பு உறுதியாகிவிட்டது. சிறுவாச்சூர் அம்மனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கிற கோயில், அன்றைக்குத் திங்கள், மனு நேராகப் போய்ச் சேரும் என்று ஒரு தைரியம். வேண்டிய பிறகுதான், மொட்டை போட என் தலையில் பெரிதாக ஒன்றும் பாக்கி இல்லை என்பது ஞாபகம் வந்தது.

செல்வியும் குமாரும் என்னைக் காரில் ஏற்றி, பெரம்பலூரிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். கயலை விட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். ஈசிஜி எடுக்கச் சொன்னார். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்குங்க" என்றார்.

"இன்னொரு தடவ பாருங்க டாக்டர்" என்றேன். நல்ல செய்தி எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"நேத்து விழுந்தீங்கன்னு சொன்னீங்களே, எப்படி?"

"ஏணிங்க. சின்ன ஏணி."

வயிற்றைப் பார்க்கச் சட்டையைத் தூக்கினார். அங்கேதான் கதை மாறியது. இடுப்பைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஊதா நிறத்தில் கயிற்றுத் தடம். புரி புரியாகத் தெரிந்தது.

"இது என்னங்க?"

"ஏணில கயிறு கட்டியிருந்துச்சு."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "யாராவது கட்டி வச்சு அடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க. போலீஸுக்குத் தெரிவிச்சுடலாம்." சொல்லிக்கொண்டே அவருடைய கண் மெதுவாகக் குமார்மேல் போய் நின்றது.

குமார் இரண்டு நொடி தாக்குப்பிடித்தான். "நான் கட்டலைங்க டாக்டர்! மாமாதாங்க கட்டிக்கிட்டாரு! நான் வெட்டித்தாங்க வுட்டேன்! பட்டம் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சுங்க!"

"பட்டமா?"

"பட்டந்தாங்க. கயலு பலகையில நின்னுக்கிட்டு, பிளாட்டு ரோட்டுல..." என்று ஆரம்பித்து மூன்று ஞாயிற்றுக்கிழமையையும் ஒன்று விடாமல் ஒப்பித்தான். பக்கத்தில் நின்ற சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நான் செல்வியைப் பார்க்கவில்லை. கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து மெல்ல அமுக்கினார். நான் கட்டிலிலிருந்து ஒரு சாண் எழும்பினேன். "இத முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றவர், உடனே ஸ்கேனுக்கு எழுதினார்.

ஸ்கேன் அறை வாசலில் சக்கர நாற்காலியில் அரை மணி நேரம். அங்கேதான் ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட் போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். விபத்து என்றால் பதிய வேண்டுமாம்.

"வண்டி நம்பர் சொல்லுங்க."

"நம்பர் இல்லைங்க சார்."

"பதிவு பண்ணாத வண்டியா? என்ன எஞ்சினு?"

"காத்துங்க."

அவர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். "தானே விழுந்ததுன்னு போட்டுக்கறேன்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தனை மரியாதை அவள் முகத்துக்கு.

சிடி ஸ்கேனில் ஒரு மருந்தை ஊசி வழியே ஏற்றுகிறார்கள். ரத்தம் எங்கே போகிறது, எங்கே கசிகிறது என்று படத்தில் தெரிவதற்காக. உடம்பெல்லாம் சூடாகும், சிறுநீர் போய்விட்ட மாதிரி தோன்றும், ஆனால் போயிருக்காது என்று முன்னமே சொன்னார்கள். சொன்னபடியே தோன்றியது. போகவில்லை என்பதை வெளியே வந்து கையால் தொட்டு உறுதி செய்துகொண்டேன்.

டாக்டர் படத்தை வைத்து எங்களுக்கு விளக்கினார். மண்ணீரல் இடது விலாவுக்குப் பின்னால், கைப்பிடி அளவில், ரத்தம் ஊறிய பஞ்சு போல இருக்கும். கல்லில் மோதியதில் அது கிழிந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக ரத்தம் கசிந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் சவ்வுக்குக் கீழே தேங்கியிருக்கிறது. அந்தச் சவ்வுக்குப் போகும் நரம்பும் தோளுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. அதனால் கீழே எரிகிற வலியை மூளை மேலே தோளில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

"ஆபரேசனாங்க?" என்றாள் செல்வி. ஏணிப் பொய் உடைந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"கிழிசல் தானா ஒட்டிக்கலாம். அசையாம படுக்கணும், அதுதான் மருந்து. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஹீமோகுளோபின் பார்ப்போம். அது இறங்கிக்கிட்டே போயி, பிரஷரும் இறங்கினா திறந்துதான் ஆகணும். மண்ணீரலையே எடுக்க வேண்டியிருக்கலாம்."

ஹீமோகுளோபின் என்பது ரத்தத்தின் சிவப்பை அளக்கும் எண். உள்ளே கசிந்தால் அது குறையும். எனக்குச் சேரும்போது 12.4. சாயங்காலம் 11.7. மறுநாள் காலை 10.9. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. திடீரென்று ஆபரேஷன் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டுமாம். உதட்டில் ஈரப் பஞ்சு மட்டும். அதைச் செல்விதான் வைத்தாள். பேசாமல் வைத்தாள். திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் திட்டாமல் இருந்த ஒரே சந்தர்ப்பம் அது. அதனால் டாக்டர் என்னிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். சிரிக்க வைக்கலாம் என்று முயற்சி செய்தேன். சிரித்தால் விலா குத்தியது, எனக்கு.

கூழ்ப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் மூன்று பேர், சுத்தியலோடு நேராக வந்து ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தேவைப்பட்டால் எடுக்க இருப்பில் இருக்கட்டும் என்று. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, "கட்டு சரியா போட்டீங்களாடா?" என்று கேட்டுவைத்தேன்.

10.9 என்று தெரிந்த காலையில் என் தைரியம் முழுவதும் தீர்ந்தது. "செல்வி, பெரிய ஷாமியானாவ விக்காத. கயலு கல்யாணத்துக்கு அதத்தான் போடணும்" என்றேன். சொன்ன அழகில் நானே உருகிப்போனேன்.

அவள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எத்தன தடவ ஓட்டினீங்க?"

"பதினொண்ணு."

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். பொய் சொன்ன லட்சணம்தான் இங்கே படுத்திருக்கிறது. "நல்லா இருந்துச்சு" என்றேன்.

"பதினொரு தடவ. ஒரு தடவகூட என்னையக் கூப்பிடணும்னு தோணல இல்ல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஞ்சை நனைக்கப் போய்விட்டாள். மண்ணீரல் எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் காட்டினார்கள். இது எங்கே பட்டது என்று எந்த ஸ்கேனிலும் வராது. அவளுக்குப் பயமாக இருக்கும் என்றுதான் சொல்லவில்லை என்று என்னை நானே நம்ப வைத்திருந்தேன். உண்மையில், அவள் 'வேணாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம்.

அன்று சாயங்காலம் 10.8. அடுத்த நாள் காலை 10.8. மதியம் 10.9. டாக்டர் அந்தக் கடைசி எண்ணைச் சொன்னபோது முதல் தடவையாகச் சிரித்தார். "நின்னுடுச்சுங்க. கஞ்சி குடிக்கலாம்."

அந்தக் கஞ்சியைப் போல ஒரு சாப்பாட்டை எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் சாப்பிட்டதில்லை. உப்புகூடப் போடவில்லை.

பிறகு வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அரியலூர்க்காரர் ஒருவர். அவர் காலில் கம்பி வைத்துத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். குமார் மூலமாக என் கதை எனக்கு முன்னாலேயே வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அண்ணே, நானும் இருவது வருசமா லோடு ஓட்டுறேன்" என்றார் அவர். "பிரேக்கு இல்லாத வண்டியில தன்னையே கட்டிப்போட்டுக்கிட்டுப் போன டிரைவர இப்பத்தாண்ணே பாக்குறேன்."

"என் முடிச்சு அவுறாது தம்பி. அதுதான் பேரு" என்றேன்.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த செல்வி அவரைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க அம்மா வூட்ல, திருமானூர்ல, கன்னுக்குட்டிய ஒரு முடிச்சு போட்டுக் கட்டுவோம்ங்க. குட்டி எவ்வளவு இழுத்தாலும் நிக்கும். நம்ம ஒரு முனைய இழுத்தா சட்டுன்னு அவுந்துடும். கன்னுக்குட்டிக்குத் தெரிஞ்சது இவருக்குத் தெரியல."

"அப்ப அண்ணன இனிமே நீங்களே கட்டுங்கக்கா" என்றார் லாரிக்காரர். வார்டே சிரித்தது. செல்வியும் சிரித்தாள். விலா குத்தினாலும் பரவாயில்லை என்று நானும் சிரித்தேன். ஆரஞ்சில் முதல் சுளை எனக்கு வந்தது.

ஏழாம் நாள் இன்னொரு ஸ்கேன். தேங்கிய ரத்தம் வற்ற ஆரம்பித்திருந்தது. மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது, குதிக்கக் கூடாது, தலை சுற்றினாலோ வயிறு வலித்தாலோ உடனே வர வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். டிஸ்சார்ஜ் காகிதத்தில் காரணம் என்ற இடத்தில் 'ஏணி' என்று போட முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் பட்டம், பலகை, கயிறு மூன்றையும் தெளிவான எழுத்தில் எழுதியிருந்தார்.

குமார் கார் ஓட்டினான். ஊருக்குள் திரும்ப வேண்டிய இடத்தில் செல்வி, "அரியலூரு ரோட்டுல வுடு" என்றாள். அவன் என்னைக் கண்ணாடியில் பார்த்தான். நான் மின்விசிறியைத் தேடினேன், காரில் இல்லை.

பட்டம் இன்னும் வரவேற்பு வளைவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. குமார் ஏறி எடுத்தான். செல்வி செருப்பைக் கழற்றிவிட்டுத் தார் ரோட்டில் போய் நின்றாள். குழாயை இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் தூரத்தில் துணியை விரித்துத் தூக்கிப் பிடிக்க, எட்டு அறையும் ஒவ்வொன்றாக உப்பி, பட்டம் எழுந்தது. அவள் ஒரு அடி முன்னால் போனாள். இன்னும் இரண்டு அடி, ஓட்டமும் நடையுமாக. முந்தானை பறந்தது. "அய்யய்யோ" என்று கத்தினாள். இருபது வயசுக் குரல். பிறகு கையை விட்டாள். பட்டம் உடனே தரையில் படுத்தது.

உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்து காரில் உட்கார்ந்தாள். "இவ்வளவுதானா? கைய வுட்டா படுத்துடுது."

"ஆமா" என்றேன்.

பட்டத்தை டிக்கியில் போட விடவில்லை. மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அது பீரோவுக்குள் போனது.

இதெல்லாம் நடந்து ஐந்து வாரம் ஆகிறது. நேற்று மருந்துச் சீட்டைத் தேடி பீரோவைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் ரோஸ் கலர் தெரிந்தது. குமார் வெட்டிய கயிற்றுக்குப் பதிலாகக் குழாயின் நடுவில் புதுக் கயிறு. என் இடுப்பளவுக்கு ஒரு வளையம், அதில் நான் இதுவரை போட்டிராத ஒரு முடிச்சு. சும்மா தொங்கிய முனையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். சட்டென்று அவிழ்ந்துவிட்டது.

திரும்பக் கட்டிப் பார்த்தேன். வரவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பந்தல் கட்டுகிறவன், பீரோ முன்னால் கயிற்றோடு பத்து நிமிஷம் நின்றேன். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "செல்வி, கொஞ்சம் இங்க வாயேன்" என்று கூப்பிட்டேன்.